சதவீதத்த மட்டும் பாக்காதீங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

பணக்கார நாடுகளுக்கும் நமக்கும் உள்ள வருமான இடைவெளி சுருங்கிட்டு வருதுன்னு போன வாரம் கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா முழுக்க சதவீதக் கணக்கு, அதப் படிச்சிட்டு எங்க ஊர் டீக்கடையில அமெரிக்காவ எட்டிப் பிடிச்சாச்சுன்னு பேசுதாங்க, மனசு கேக்கல, அதான் எழுதுதேன்.

அமெரிக்காவுல தலைக்கு வருச வருமானம் 80,000 டாலருக்கு மேல, நமக்கு 2,500 சொச்சம். நாம 6 சதவீதம் வளந்தா கூடுறது 150 டாலர், அவங்க வெறும் 2 சதவீதம் வளந்தாலே 1,600 டாலர். வேகம் நம்மகிட்டதான், ஆனா இடைவெளி வருசா வருசம் கூடத்தான் செய்யுது. இங்க விலவாசி கம்மிதானன்னு கேப்பாங்க, இட்லிக்கு சரி, கச்சா எண்ணெயும் மிஷினும் டாலர்லதான வாங்கணும்.

இது இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. ஐ.நா.வோட 1999 மனித மேம்பாட்டு அறிக்கையப் பாருங்க, ரொம்பப் பணக்கார நாட்டுக்கும் ரொம்ப ஏழை நாட்டுக்கும் 1820ல 3 மடங்கு வித்தியாசம், 1913ல 11, 1950ல 35, 1992ல 72. இதுல வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துலதான் நம்ம கரிசக்காட்டுப் பருத்தி தூத்துக்குடியில கப்பலேறிச்சு, சீமைத்துணி இங்க வந்து எறங்கிச்சு. வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சது சும்மாவா?

இப்பவும் நிலாவாரைய எடுத்துக்கிடுங்க, அதான் சென்னா இலை. வெளிநாட்டு மருந்துப் புத்தகத்துல அதுக்குப் பேரே திருநெல்வேலி சென்னா. எங்க பக்கத்துப் பொம்பளைங்க வெயில்ல குனிஞ்சு இலைய உருவி, நிறம் போயிரக் கூடாதுன்னு நெழல்ல ஒணத்தி, காய வேற பிரிச்சு மூடை போட்டு அனுப்புதாங்க, அது ஐரோப்பாவுல மலச்சிக்கல் மாத்திரையாவுது, லாபமும் அங்கயே நின்னுருது. ஒழைக்காதவன் ஏழைன்னு சொல்லுதவங்க ஒரு நாள் அந்தத் தோட்டத்துல வந்து நிக்கட்டும்.

1980 வாக்குல சீனாவும் நம்மள மாதிரிதான் கெடந்துச்சு, இன்னிக்கு தலைக்கு வருமானம் நம்மளப்போல 5 மடங்கு. வெறும் சரக்க ஏத்தி விடாம பொருளா செஞ்சு வித்தாங்க. நம்ம இலைக்கும் இங்கயே மாத்திரை போடுத ஆலை வரணும், அதக் கேட்டு எழுதுங்க.

இன்னொன்னு, இனிமே இந்த மாதிரி செய்தி போடும்போது சதவீதத்துக்குப் பக்கத்துலயே அது எவ்வளவு ரூவாங்குறதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திசையன்விளை