‘பார்டர்லைன்’ என்றதும் பயந்துபோன வீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு 26 வயது. அவள் சுடிதார் நாடாவில் முடிச்சு விழும் இடம் மாதாமாதம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கட்டுவதற்கு இரண்டு விரற்கடைதான் மிச்சமிருந்தது. சாப்பாடு கூடிவிட்டது என்று நானே திட்டினேன். முதலில் காட்டிய இடத்தில் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் காரைக்குடியில் ஸ்கேன் எடுத்தால், இடது சினைப்பையில் 18 சென்டிமீட்டர் கட்டி.

மதுரையில் ஆபரேஷன். அந்த ஒரு சினைப்பையை மட்டும், கட்டி உடையாமல் முழுசாக எடுத்தார்கள். குடல்மேல் கிடக்கும் கொழுப்புத் திரையிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கட்டியின் ரிப்போர்ட்டில் ‘பார்டர்லைன்’ என்று இருந்தது.

அன்று சாயங்காலமே வளவில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். “பார்டர்ல நிக்கிறது நாளைக்குத் தாண்டிறாதா ஆச்சி? கர்ப்பப்பையோட எல்லாத்தையும் எடுத்திரச் சொல்லுங்க.” “கீமோ ஏன் போடல?” எனக்கும் பதில் தெரியவில்லை.

மறுவாரம் டாக்டரம்மா ஸ்கேன் கவரின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். என்னைப் பார்க்காமல் என் மகளைப் பார்த்தே பேசியது எனக்குப் பிடித்திருந்தது. “இதைச் சுவர்னு வச்சுக்கம்மா. செல்லெல்லாம் உள்பக்கமே அடுக்கடுக்கா வளர்ந்திருக்கு. சுவரை இடிச்சுக்கிட்டு வெளியே சதைக்குள்ள போகல. அப்படிப் போறதைத்தான் சினைப்பைப் புற்றுநோய்னு சொல்றோம்.”

ஆக, ‘பார்டர்லைன்’ என்பது நுண்ணோக்கியில் தெரிகிற தோற்றத்துக்கு வைத்த பெயர். நாளைக்குத் தாண்டுவதற்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1973-லேயே இதைத் தனி வகையாகப் பிரித்துவிட்டது. மெதுவாக வளரும் செல் என்பதால் கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, ஆபரேஷன்தான் வைத்தியம். கட்டி சினைப்பையோடு நின்றிருந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் 5 வருஷம் தாண்டியும் நன்றாக இருக்கிறார்கள். சில பேருக்குப் பல வருஷம் கழித்தும் திரும்ப வரலாம். வந்தாலும் பெரும்பாலும் இதே வகையாகத்தான் வரும், மறுபடி எடுத்துவிடலாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

மிச்சமிருக்கும் ஒரு சினைப்பையே மாதவிலக்குக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் போதும். இது தெரியாமல், பெண் கேட்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று நானும் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் தூக்கம் வரவில்லை.

உங்கள் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு டாக்டரை விரிவாக எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை என் மகளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன்.

ஒரு தாய்,
பள்ளத்தூர்.