வெளியூர் யோகா வகுப்புக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி செந்தில்,

மாங்கூழ் ஆர்டர் விஷயமாக இனி சென்னை, மைசூர், புனே என்று அலைய வேண்டியிருக்கும், போகிற ஊரில் யோகா வகுப்பு கிடைத்தால் சேரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். ஆனால் ஆசனத்தின் பெயரை மட்டும் நம்பிப் போகாதே. பெயர் எல்லா ஊரிலும் ஒன்றுதான், செய்கிற முறைதான் வேறு.

நீ மனவளக்கலை மன்றத்தில் பழகியவன். அங்கே மகராசனம் மல்லாந்து படுத்து, இடுப்பையும் காலையும் முறுக்குவதில் தொடங்கும். மற்ற பல இடங்களில் அதே பெயருக்குக் குப்புறப் படுத்து ஓய்வெடுப்பார்கள். இதில் கெடுதல் ஒன்றுமில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

சூரிய நமஸ்காரம் அப்படியில்லை. சிவானந்தா முறையில் 12 நிலை, நடுவில் முட்டி, மார்பு, தாடை மூன்றும் தரையில் படும். பட்டாபி ஜோயிஸ் சொல்லிக்கொடுத்த அஷ்டாங்க முறையில் ‘ஏ’ வரிசைக்கு 9 அசைவு, ‘பி’ வரிசைக்கு 17. அதில் தண்டால்போல் இறங்கும் சதுரங்க தண்டாசனத்தில் முட்டி தரையைத் தொடாது. உடம்பு மொத்தமும் உள்ளங்கையிலும் கால்விரலிலும் நிற்கும். பழக்கமில்லாதவனுக்கு சில சுற்றிலேயே கை தளரும். உடனே முழங்கை வெளியே அகலும், தோள் முழங்கை மட்டத்துக்கும் கீழே தொங்கிவிடும். தோளின் முன்பக்கம் வலி பிடிப்பது அந்த இடத்தில்தான். யார் என்ன நினைத்தாலும் முட்டியைத் தரையில் வை. முழங்கையை விலாவோடு ஒட்டி இறங்கு. தோள் முழங்கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிடு.

அஷ்டாங்க வகுப்புக்கு ‘மைசூர் ஸ்டைல்’ என்று போட்டிருந்தால் ஆசிரியர் முன்னால் நின்று எண்ண மாட்டார். அவரவர் வரிசையை அவரவர் வேகத்தில் செய்ய, அவர் சுற்றிவந்து திருத்துவார். ஒருநாள் வருகிறவரைச் சேர்க்காத இடங்களும் உண்டு, கேட்டுக்கொள். அமாவாசை, பௌர்ணமிக்கு வழக்கமாக விடுமுறை. காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பு.

பி.கே.எஸ். ஐயங்கார் முறை வகுப்பு உனக்குக் கிடைத்தால் விடாதே. ஆசனம் குறைவு, ஒவ்வொன்றிலும் நிற்கிற நேரம் அதிகம், கட்டை, பெல்ட், போர்வை எல்லாம் தருவார்கள். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்கு மூன்று நான்கு கெட்டிப் போர்வையை மடித்து அடுக்குவார்கள். மடிப்பின் வழவழப்பான ஓரம் கழுத்துப் பக்கம் இருக்க வேண்டும். தோள் போர்வை மேல், தலை தரையில். தோளுக்கு உயரம் கொடுத்தால்தான் கழுத்து நசுங்காது. மேலே போனபின் தலையைத் திருப்பவே கூடாது. கழுத்தில் பாரம் தெரிந்தால் இறங்கிவிடு.

பஸ் விஷயத்தை நீ லேசாக எடுத்துக்கொள்வாய் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் ஏறி சென்னையில் இறங்க ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இடுப்பின் முன்பக்கமும் தொடையின் பின்பக்கமும் இறுகிப்போகும். அந்த இறுக்கத்தோடு கால் நீட்டி உட்கார்ந்து குனியும் பச்சிமோத்தானாசனத்தில் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தால், தொடை கொடுக்காததைக் கீழ்முதுகு கொடுக்கும். முதுகெலும்புத் தட்டில் (டிஸ்க்) அழுத்தம் ஏறுவது அப்படித்தான். வகுப்புக்கு முன் பத்து நிமிஷம் நட. ஒரு காலை முன்வைத்து மற்ற முட்டியைத் தரையில் ஊன்றி, பக்கத்துக்கு ஒரு நிமிஷம் நில். குனிகிற ஆசனம் எல்லாவற்றிலும் அன்றைக்கு முட்டியை மடித்தே குனி.

களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரண்டு இட்லிக்கு இரண்டு மணி நேரம் போதும்.

பழைய ஜமுக்காளத்தை எடுத்துப் போகாதே. டைல்ஸ் தரையில் அது வழுக்கும், வீரபத்ராசனத்தில் கால் பிளந்துகொண்டே போகும். ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர் மேட் மடித்தால் பைக்குள் அடங்கும். முட்டிக்கு அடியில் துண்டை மடித்து வைத்துக்கொள்.

முதல்நாளே போன் பண்ணு: எந்த முறை, எவ்வளவு நேரம், ஒரு வகுப்புக்கு என்ன கட்டணம், கை வைத்துத் திருத்துவாரா. பதினைந்து நிமிஷம் முன்னால் போய், உன் பழைய முதுகுவலியை ஆசிரியரிடம் நேரில் சொல். தொட்டு அழுத்த வேண்டாம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடு. பாதியில் சொன்னால் அவர் கை ஏற்கெனவே உன் முதுகில் இருக்கும். பிரஷர் உண்டா, கண்ணில் நீர் அழுத்தம் உண்டா என்று யாரையும் கேட்காமல் எல்லாரையும் சிரசாசனத்தில் நிறுத்துகிற இடமாக இருந்தால், நீ உட்கார்ந்துகொள். மறுநாள் அங்கே போகாதே.

முதல் வகுப்பு முடிந்த மறுநாள் எங்கே வலிக்கிறது என்று எனக்கு எழுது. சதையில் வலி என்றால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டில் குத்தினாலோ, இடுப்பிலிருந்து காலுக்கு இழுத்துக்கொண்டு இறங்கினாலோ, அடுத்த வகுப்பு வேண்டாம், டாக்டரைப் பார்.

அன்புடன்,
அக்கா
தருமபுரி