வாடகையோடு பெட்ரோலையும் கூட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வாடகை உயர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி, ஆனால் 'கொஞ்சம் தள்ளிப் போனால் குறைந்த வாடகைக்கு வீடு கிடைக்கும்' என்று ஒரு வரி வந்தது பாருங்கள், அதை நம்பித்தான் நான்கு வருடத்துக்கு முன்னால் நாங்களும் குடி மாறினோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலைக்குப் போக 28 கிலோமீட்டர், வர 28. மாதம் 22 நாள் என்றால் 1,232 கிலோமீட்டர். என் கார் லிட்டருக்கு 14 கொடுக்கிறது, ஆக 88 லிட்டர். நெரிசலில் ஊர்ந்து போகிற நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

விலை மாறிக்கொண்டே இருப்பதால் நான் கணக்கைப் பணத்தில் பார்ப்பதில்லை, லிட்டரில்தான் பார்க்கிறேன். காரில் ஒரு சின்ன நோட்டு கிடக்கும், பெட்ரோல் போட்டதும் அதில் குறித்துவிடுவேன். குடிவந்த மாதத்தில் 'வாடகை மிச்சம் = 120 லிட்டர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். போன மாதம் அதே மிச்சத்துக்கு 80 லிட்டர்தான் வந்தது. அதாவது மிச்சம் முழுக்கப் போய், மேலே 8 லிட்டருக்குக் கைக்காசு. தினமும் சாலையில் போகிற இரண்டு மணி நேரத்தை எந்த நோட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மனிதர்கள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வண்டி வேகமாக வேகமாக வீடுதான் தூரமாகிறது, நேரம் குறைவதில்லை என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். அந்த வேகம் எரிபொருளால் வந்தது. எரிபொருள் விலை ஏறும்போது தூரம் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டபோது சில மாதத்தில் கச்சா எண்ணெய் ஏறக்குறைய நான்கு மடங்கு விலையானது, நெதர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை விதித்தார்கள், அப்புறம் பல நாடுகளில் மக்கள் சின்ன கார்களுக்கு மாறினார்கள். காரை மாற்றலாம் ஐயா, வீட்டை அப்படிச் சட்டென்று மாற்ற முடியுமா? பிள்ளைகளின் பள்ளி இங்கே, அவசரத்துக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்குப் பழகிய அக்கம்பக்கம் இங்கே. வாடகைக்கு இருக்கிற எங்களுக்கே இப்படி என்றால் 20 வருடக் கடனில் வீடு வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

மின்சார வண்டி வாங்கு என்கிறார்கள். ஏற்கெனவே கையைக் கடிக்கிற வீட்டில் புது வண்டிக்கு முன்பணம் எங்கிருந்து வரும்?

வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டாலே எனக்கு மாதம் 35 லிட்டர் மிஞ்சும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. உங்கள் இதழில் வருகிற வீட்டு விளம்பரங்களில் சதுர அடி, படுக்கையறை எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது, பக்கத்துப் பேருந்து நிறுத்தம் எத்தனை நிமிட நடை, காலையில் எத்தனை பேருந்து வரும் என்பது மட்டும் இல்லை. அந்த இரண்டையும் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்