பார் வாசல்ல வெலைப் பலகை வைங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

பார்ல சரக்கு ஏன் இம்புட்டு வெலைன்னு நெறைய பேரு கேக்குறாங்க. வாங்கிட்டுப் போயி வீட்ல குடிச்சா பாட்டில் காசோட முடிஞ்சுது, ஓட்டல் பார்ல உக்காந்தா ஏசி, வாடகை, லைசென்ஸ் கட்டணம், ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே ஊத்திக் குடுக்குற பையனோட சம்பளம் எல்லாம் அந்த ஒரு பெக்லதான் ஏறும், அது நியாயந்தான். ஓட்டல்ல தண்ணி பாட்டிலுக்குக்கூட எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஆனா மெனு கார்டுல வெலையே போடாம கடைசில பில்லுல மட்டும் காட்டுறது எந்த ஊரு நியாயம்ங்க? மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பார்ல லோடு எறக்குற அண்ணன் ஒருத்தரு பில்லப் பாத்துட்டு பக்கத்து டேபிள்ல கடன் கேட்டாரு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. பார் வாசல்லயே வெலைப் பலகை வைக்கச் சொல்லி அதிகாரிங்க உத்தரவு போடணும்.

இப்படிக்கு,
வாசகர், செல்லூர், மதுரை