யன்னல் எந்தப் பக்கம்?

ஸ்காபரோ,
மார்ச் 10

அன்புள்ள மகளுக்கு,

ஜனவரி கடைசியில் உனக்கு அனுப்பிய விதைப் பொதி போன கிழமை திரும்பி வந்தது. முகவரியை நான்தான் பிழையாக எழுதினேனோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எல்லாம் சரி. மேலே ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் என்ன அச்சிட்டிருந்தது என்பதை அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. பனிக்காலத்தில் தபால் இப்படித்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தம்பியிடம் கொடுத்தால் உன்னிடம் சேரும் என்கிறான். எந்த முகவரிக்கு என்று கேட்டேன். "சேரும் அப்பா" என்றான். சரி. அதே பொதியைப் பிரித்து, சில விதைகளை மாற்றி, இந்தக் கடிதத்தையும் உள்ளே வைத்துக் கட்டுகிறேன்.

நீ எங்கே விதைக்கப் போகிறாய் என்று தெரியாமல் எந்த விதையை அனுப்புவது? யன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? தெற்கு என்றால் கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாம் வைக்கலாம். கிழக்கு என்றால் கீரை, கொத்தமல்லி, சலாட் இலை போதும். வடக்கு என்றால் யன்னலை நம்பாதே, விளக்குத்தான் வேண்டும். நிலக்கீழ் அறையாக இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் நிலக்கீழ் அறையில்தான் இருந்தோம், நீ அங்கேதான் நடக்கப் பழகினாய். விளக்கு இருந்தால் அங்கேயும் கன்று வரும்.

மிளகாயையும் கத்தரியையும் இந்தக் கிழமையே போட்டுவிடு. கன்று வெளியே போகும் நாளுக்கு எட்டுப் பத்துக் கிழமைக்கு முன்பே அவை மண்ணில் இருக்கவேண்டும். தக்காளிக்கு அவசரமில்லை, மாத முடிவில் போடலாம். முளைக்கும்வரை மிளகாய்க்கு வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. மண் 25 முதல் 30 பாகை வரை இருக்கவேண்டும். யன்னல் ஓரம் இரவில் குளிர்ந்துவிடும், 15 பாகையில் விதை முளைக்க வெகுநாள் எடுக்கும், கிடந்து அழுகியும் போகலாம். வீட்டில் வெப்பக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் தட்டை வை, மேலே மூடி போடு. நீ இருக்கிற கல்கரியில் காற்று வறண்டது, மூடாவிட்டால் மேல்மண் அரை நாளில் காய்ந்துவிடும். முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்று. மறக்காதே, முளை தெரிந்த அன்றே.

உரும்பிராயில் அப்பப்பா நாற்றுமேடை போடும்போது சூட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, நிழலுக்குத்தான் ஓலை தேடினோம். சிறிமாவோ அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாய் போட்டவன் கல்வீடு கட்டினான். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், விலை விழுந்துவிட்டது. அப்பப்பா ஒரு போகம் பொறுத்துப் பார்த்தார். அடுத்த போகம் மிளகாயை விட்டுவிட்டார். இவ்வளவு காசு கொட்டிய தோட்டத்தை இப்படி விடலாமா என்று வேலிக்கு வெளியே நின்று கதைத்தவர்கள் இருந்தார்கள், யார் என்று உனக்கும் தெரியும். அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மாலையில் வழக்கம்போலக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். நான் இதை மிளகாயைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பொதியில் இருக்கும் தேங்காய்த் தும்புச்சோற்றுக் கட்டியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிடு, பல மடங்கு ஊதி வரும். இலங்கையிலிருந்து வந்தது என்று உறையில் போட்டிருக்கிறது. ஊரில் குசினிக்குப் பின்னால் மலையாகக் கிடந்ததை இங்கே காசு கொடுத்து வாங்கிவந்தேன், சிரிக்காதே. தட்டு இல்லாவிட்டால் கோப்பிக் கடைக் கடதாசிக் கோப்பை போதும், அடியில் ஓட்டை போட்டுக்கொள். முட்டைப் பெட்டி வேண்டாம். சீக்கிரம் காய்ந்துவிடும்.

தண்ணீரை மேலே ஊற்றாதே. தட்டில் ஊற்றி, அடியிலிருந்து குடிக்கவிடு. எப்போதும் ஈரமாக இருந்தால் கன்று அடியில் கறுத்து, ஒரே இரவில் மடிந்து விழுந்துவிடும், பிறகு ஒன்றும் செய்யமுடியாது. சின்ன மின்விசிறி ஒன்றைத் தூரத்தில் வைத்து மெல்ல ஓடவிடு. விளக்கைக் கன்றுக்கு நாலு விரல் உயரத்தில் பிடி, ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரமாவது எரியட்டும். வெளிச்சம் போதாத கன்று உயர்ந்துகொண்டே போகும். பார்க்கிறவர்கள் நன்றாக வளர்கிறது என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்மஸுக்குத் தம்பிக்கு அனுப்பிய படத்தில் நீ மெலிந்திருந்தாய். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

தைப்பொங்கலுக்கும் நீ எடுக்கவில்லை. அம்மா தொலைபேசியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பொங்கினாள். வேலைநாள், மருந்தகத்தில் ஆட்கள் குறைவு என்று நானே காரணம் சொன்னேன். இதைக் குறையாக எழுதவில்லை. இல்லை, குறையாகத்தான் எழுதுகிறேன். தம்பிக்கு நாலு வரி போட முடிகிறது, எங்களுக்கு ஒரு வரி போட முடியாதா?

ஊர்ப் புதினம்: மாமிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. முன்வீட்டு மேப்பிள் மரத்தை வெட்டிவிட்டார்கள், எங்கள் முற்றத்துக்கு இனி வெயில் கூட வரும். போன மாதம் ஸீடி சாட்டர்டேக்குப் போயிருந்தேன். விதை மாற்றிக்கொள்ளும் அந்தச் சந்தை 1990இல் வன்கூவரில் தொடங்கியது, இப்போது குளிர் முடிகிற காலத்தில் பல ஊர்களில் வைக்கிறார்கள். மேசையில் அம்மம்மாவின் கத்தரி விதையைப் பரப்பி வைத்தேன். அது இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்ற கதையை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. ஓர் இத்தாலியக் கிழவர் ஒரு பிடி எடுத்துக்கொண்டு பட்டாணி தந்தார். யாருக்கு என்று கேட்டார். கல்கரியில் மகள் இருக்கிறாள், மருந்தாளர், தோட்டமும் செய்வாள் என்றேன். பத்து வயதில் நீ மருந்துப் போத்தல்களில் வெந்தயம் போட்டு, திகதி எழுதி ஒட்டி, முளைத்ததை அடிமட்டத்தால் அளந்ததையும் சொன்னேன். அவருக்கு அவ்வளவும் தேவையில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டாணியைப் பச்சை உறையில் போட்டிருக்கிறேன். நிலம் கிடைத்தால் போடு. மண் 5 பாகைக்கு வந்தாலே முளைத்துவிடும், ஸ்பினாச் கீரையும் அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் மண்ணைக் கிண்டமுடிகிறதா என்று பார். நிலம் இல்லை, பல்கணிதான் என்றாலும் ஆழமான சாடியில் வரும்.

சினூக் காற்றை மட்டும் நம்பாதே. ஒரே நாளில் பனியெல்லாம் உருகி, சட்டையோடு வெளியே நிற்கலாம் போலிருக்கும், ஆட்கள் ஏமாந்து கன்றை வெளியே வைப்பார்கள். அடுத்த நாள் திரும்பக் குளிர் வந்துவிடும். நாங்கள் இங்கே மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா நாளோடு நடுவோம். நீங்கள் இருப்பது ஆயிரம் மீற்றருக்கு மேலே, ஜூன் தொடக்கத்திலும் உறைபனி விழக்கூடிய இடம். நடுவதற்கு முன் ஒரு கிழமையாவது கன்றை வெளியே பழக்கு. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. இரவில் உள்ளே எடு. இரவில் கட்டாயம் உள்ளே எடு.

போன ஒக்ரோபரில் நானும் மருமகனும் பின்வளவில் நட்ட உள்ளியைப் பற்றி நீ யோசிக்கவேண்டாம். பனி போனதும் தானாக முளைக்கும், வைக்கோலை விலக்க யாரும் இல்லாவிட்டாலும் முட்டிக்கொண்டு வரும். ஓகஸ்டில் அங்கே இருப்பவர் கிண்டினால் கிண்டட்டும். கிண்டாவிட்டால் மண்ணில் கிடக்கட்டும். அதற்காக நீ அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. அதே உள்ளியில் விதைக்கென்று நான் இங்கே பிடித்து வைத்திருக்கிறேன். பாத்திக்கு வாங்கிய சீடர் பலகைக் காசைப் பற்றி நான் ஒருநாளும் கதைக்கமாட்டேன். இப்போது கதைத்துவிட்டேன், இனிக் கதைக்கமாட்டேன்.

கொத்தமல்லியை மெல்ல நசித்து இரண்டாகப் பிரித்துப் போடு, ஒரு மணிக்குள் இரண்டு விதை இருக்கிறது. வளரவேண்டிய சாடியிலேயே போடு, பிடுங்கி நட்டால் அதற்குப் பிடிக்காது, உடனே பூத்துவிடும். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவந்தால் இலை தொடர்ந்து கிடைக்கும். துளசி விதையை மண்ணால் மூடாதே, மேலே தூவி விரலால் அமத்திவிடு. பாகல் விதை கல்லுப் போன்றது, முனையைக் கொஞ்சம் வெட்டி இரவு முழுக்க ஊறவை. ஆனால் அது ஏப்ரல் கடைசிக்கு, இப்போது போட்டால் வீட்டுக்குள்ளேயே கொடி ஓடி உன்னைத் துரத்தும்.

ஒன்றும் செய்ய மனமில்லை என்றால் எல்லாவற்றையும் அப்படியே மூடி வை. தக்காளி விதை நாலு வருடம் கிடக்கும், மிளகாய் இரண்டு வருடம் தாங்கும், ஒன்றும் கெட்டுப்போகாது. வெங்காய விதைதான் ஒரு வருடத்தில் போய்விடும், அதை நான் வைக்கவில்லை. பார்ஸ்லியையும் எடுத்துவிட்டேன், அது மூன்று கிழமை காக்கவைக்கும், இந்த வருடம் உனக்கு அது வேண்டாம். வெந்தயத்தை மட்டும் போடு. எந்த யன்னலுக்கும் வரும், வடக்கு யன்னலுக்கும் வரும். இரவு ஊறவைத்து ஒரு சாடியில் தூவிவிட்டு வேலைக்குப் போ. இரண்டு மூன்று நாளில் முளைத்திருக்கும். ஒரு பிடி கிள்ளி முட்டையோடு பொரித்துச் சாப்பிடு. சாப்பிடு.

இங்கே நான் எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறேன். வீட்டில் உன் அறை யன்னல்தான் நல்ல தெற்கு யன்னல், அதனால் தட்டுகள் அங்கே இருக்கின்றன. வருவதென்றால் சொல்லிவிட்டு வா, சொல்லாமல் வந்தாலும் வா. தட்டுகளைக் கீழே இறக்க எனக்கு அரை மணி நேரம் போதும், கட்டிலில் ஒன்றும் வைக்கவில்லை. எவ்வளவு நாளுக்கு என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மாமி கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எடுத்தால் இந்த முறை நான் தொலைபேசியை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடமாட்டேன். வெள்ளிக்கிழமை மாலை அவள் கோயிலுக்குப் போய்விடுவாள், அப்போது வசதி. எங்களுக்கு உங்களைவிட இரண்டு மணி நேரம் கூட. நேற்று மணியை மாற்றினோம், அங்கேயும் மாற்றியிருப்பீர்கள், அதனால் கணக்கு அப்படியேதான்.

அன்புடன்,
அப்பா

கத்தரி விதை சுற்றிய தாளுக்குள் வேறு ஓர் உறையும் இருக்கிறது, தாளை வீசும்போது பார்த்து வீசு. அது விளக்கு வாங்க. விளக்குக்கு இவ்வளவு காசா என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருக்காதே, அவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.