ஆற்றோர வீட்டுக்கும் பாலிசி கொடுங்கள்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மீனாட்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் தாமிரபரணி.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த அன்று பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனதை நாடே பார்த்தது. மறுநாள் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசி மூட்டை, கிரைண்டர், பிரிட்ஜ், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் என்று எல்லாம் போயிற்று. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர் என் அம்மா. பத்திரத்தை மச்சில் வை என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி ஒரு பாலிசி எடுத்து வைத்திருந்தது. வெள்ளத்துக்குப் பிறகுதான் அதைப் படித்தேன். கட்டடத்துக்கு மட்டுமே பாதுகாப்பு, உள்ளே இருந்த ஒரு பொருளுக்கும் இல்லை. அதன் பிறகு ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் வெள்ளத்துக்கும் பொருள்களுக்கும் சேர்த்துப் புதிய பாலிசி கேட்டேன். முகவரியைப் பார்த்தவர், “ஆற்றோரமா? மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்” என்றார். இன்றுவரை பதில் இல்லை.

ஐயா, கொடுக்க முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது உங்கள் ஆணையம்தான். அதில் வெள்ளம் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். நல்ல பாலிசி. ஆனால் எங்கள் தெருவில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. பைக்குக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் யாரும் தெருவில் இறங்குவதில்லை. அந்த பைக் நிற்கும் வீட்டுக்கு இல்லை.

ஆற்றோரம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லித் தட்டிக்கழிப்பது நியாயமில்லை. எங்கள் தெருவிலேயே பழைய வீடுகள் உயர்ந்த திண்ணையோடு நிற்கின்றன; அவற்றில் திண்ணையோடு தண்ணீர் நின்றுவிட்டது. பிறகு கட்டிய வீடுகள்தான் மூழ்கின. சாலை போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் வாசல்கள் பள்ளமாகிவிட்டன. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். ஆற்றோடு வாழத் தெரிந்த ஊர் இது. பின்கோடைப் பார்த்து மறுக்காமல் ஆளை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தரைமட்டம் எவ்வளவு உயரம், 2023-இல் எதுவரை தண்ணீர் ஏறியது, மின்மீட்டரும் சுவிட்ச் பெட்டியும் எந்த உயரத்தில் இருக்கின்றன, பொருளை ஏற்றி வைக்கப் பரண் உண்டா? இவற்றைப் பார்த்துப் பிரீமியத்தை முடிவு செய்யட்டும். தரையை உயர்த்தியவருக்குப் பிரீமியம் குறையும் என்றால், கடன் வாங்கியாவது உயர்த்துவார்கள். நான் சுவிட்ச் பெட்டியை ஏற்கெனவே நெஞ்சு உயரத்துக்கு மாற்றிவிட்டேன்.

இழப்பீடு கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை சகதியை அள்ளுவது. காய்ந்துவிட்டால் மண்வெட்டிக்கும் அசையாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த நாற்றத்தில் ஒரு ராத்திரி படுக்க முடியாது. ஊறிய மெத்தையைத் தெருவில் போட்டோம், மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போய்விட்டது. கட்டடச் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தபோது வீடு கழுவித் துடைத்துக் கிடந்தது. “சேதம் எங்கே?” என்று கேட்டார். கரண்ட் இல்லாமல் போன் அணைந்து கிடந்த நாட்களில் நாங்கள் எதைப் படம் எடுப்பது? கிரைண்டர் பில்லும் கிரைண்டரோடுதான் மிதந்தது. ஊர் முழுக்க மூழ்கிய வெள்ளத்தில் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றும் சுவரில் நிற்கும் தண்ணீர்க் கோடும் போதும் என்று தெளிவாக ஓர் உத்தரவு போடுங்கள். படிவங்கள் தமிழில் இருக்கட்டும்.

தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை நீக்கினார்கள். வீட்டுக்கும் நீக்கும்படி உங்கள் ஆணையம் பரிந்துரைக்க வேண்டும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பாலிசியை விற்கும் நிறுவனங்களை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள். பந்தலும் நாற்காலியும் போட்டு, வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவரும் வேலை என்னுடையது.

இப்படிக்கு,
மீனாட்சிபுரத்து வீட்டுக்காரர் ஒருவர்