போதைப் பழக்கத்தின் தொடக்க அறிகுறிகளைக் கண்டறிய ஆசிரியர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
போதை மீட்புச் சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றும் ஆலோசகர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், பள்ளிக் கல்வித் துறை

பொருள்: போதைப் பழக்கத்தின் தொடக்க அறிகுறிகள் குறித்த பயிற்சி, பதிவுத்தாள், தண்டனையற்ற பரிந்துரை வழி ஆகியவற்றுக்கு ஆணை பிறப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் ஊசித் தழும்பு, குழி விழுந்த கண், எலும்பும் தோலுமான உடல் என்றுதான் படங்கள் வருகின்றன. இவை பழக்கம் முற்றிய பிறகு தெரிபவை; பலரிடம் முற்றிய பிறகும் தெரியாதவை. இந்தப் படத்தை மனத்தில் வைத்து வகுப்பைப் பார்க்கிறவருக்கு, ஒழுங்காக உடுத்தி வந்து சுமாராக மதிப்பெண் எடுக்கும் மாணவர்மேல் கவனமே திரும்பாது. ஆலோசனையாலேயே திரும்பி வரக்கூடிய மாதங்கள் அப்படியே கழிந்துவிடுகின்றன.

தொடக்க அறிகுறி என்பது பெரும்பாலும் ஒரு மாற்றம். மற்ற மாணவரோடு ஒப்பிட்டால் அது தெரியாது. அதே மாணவர் இரண்டு மாதத்துக்கு முன் எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். பழைய நண்பர்களை மொத்தமாக விட்டுவிட்டுப் புதியவர்களோடு மட்டும் பழகுவது, உயிராக இருந்த விளையாட்டுக்குக் காரணமின்றி வராமல் போவது, வார விடுமுறைக்கு அடுத்த நாளே திரும்பத் திரும்ப விடுப்பு எடுப்பது, இடைவேளைக்குப் பின் தாமதமாக வருவது, சிறு தொகைகள் காணாமல் போவது, சாதாரணக் கேள்விக்கும் சீறுவது, திடீரென்று வாசனைத் திரவியமும் கண் சொட்டு மருந்தும் பையில் நிரந்தரமாக இருப்பது. இவற்றில் எதுவும் தனியாக நின்றால் ஒன்றையும் நிரூபிக்காது. மனச்சோர்வு, வீட்டில் வன்முறை, தேர்வு பயம், தூக்கக் கோளாறு, தைராய்டு குறைபாடு ஆகியவையும் இவற்றில் பலவற்றை உண்டாக்கும். ஆகவே மூன்று மாற்றங்கள் சேர்ந்து, மூன்று வாரமாவது நீடித்தால் பேச்சுக்கு அழைக்கலாம் என்ற அளவுகோலை முன்வைக்கிறோம். இது நோயை உறுதிசெய்யும் அளவுகோல் அல்ல, பேச்சைத் தொடங்குவதற்கான அளவுகோல் மட்டுமே. காரணம் போதையாக இல்லாவிட்டாலும், அந்த மாணவருக்கு உதவி தேவைப்படுகிறது என்பது மாறாது.

உடல் அறிகுறிகள் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதை ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். கஞ்சாவில் கண் சிவக்கும், பசி கூடும், இப்போது சொன்னது இப்போதே மறக்கும். ஓபியம் வகை வலி மாத்திரைகளில் மங்கிய வெளிச்சத்திலும் கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும்; உட்கார்ந்தபடியே தலை சாயும், மூக்கைச் சொறிவார்கள். அந்த மருந்து கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழ்: கண்பாவை விரியும், மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி வரும், உடம்பு புல்லரிக்கும். பார்ப்பவருக்குச் சளிக்காய்ச்சல் என்றே தோன்றும். அந்தக் காய்ச்சல் அடிக்கடி வந்து, சில மணி நேரத்தில் மாயமாய் மறைந்தால் அதைக் குறித்துவைக்க வேண்டும். மூளையைத் தூண்டும் ஊக்க மருந்துகளில் கண்பாவை விரிந்து, தூக்கமும் பசியும் போய், பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்கித் தீர்ப்பார்கள்.

எளிதில் கைநழுவிப் போவது முகரும் பொருள்கள்: பசை, பெயின்ட் தின்னர், எழுத்துப் பிழை திருத்தும் வெள்ளைத் திரவம், பெட்ரோல். இவற்றின் மயக்கம் சில நிமிடங்களே நிற்கும். ஆள் வந்து பார்ப்பதற்குள் தெளிந்துவிடும். மிஞ்சுவது உடையில் ரசாயன வாடை, வாயையும் மூக்கையும் சுற்றிய தடிப்பு, பையில் நனைந்த துணி. இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தவோ துரத்தவோ கூடாது. பயத்திலும் ஓட்டத்திலும் உடலில் சுரக்கும் அட்ரினலினுக்கு, இந்த ஆவிகள் இதயத்தைக் கூருணர்வு கொள்ள வைக்கின்றன. திடுக்கிடலோ ஓட்டமோ இதயத் துடிப்பைக் குலைத்து அந்த இடத்திலேயே உயிரைப் பறிக்கலாம். அமைதியாக அணுகி, பொருளை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்துக் கூடவே இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை முதல் படியாக வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. சாதாரணப் பரிசோதனை அட்டை முகரும் பொருள்களைக் காட்டாது. மது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். கஞ்சாவோ, தினமும் பயன்படுத்தியவர் விட்ட பிறகும் வாரக்கணக்கில் காட்டும். சில சளி மருந்துகளுக்கும் அட்டை தவறாக ‘உண்டு’ என்று சொல்லும். முடிவு எதுவானாலும், பழக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது கேள்விகள். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு, போதைப் பழக்கத்துக்கு 11 அடையாளங்களைத் தருகிறது. 12 மாதத்துக்குள் இரண்டு இருந்தாலே லேசான நிலை, நான்கு முதல் மிதமானது, ஆறு முதல் கடுமையானது. எண்ணியதைவிட அதிகம் எடுத்துக்கொள்வது, குறைக்க முயன்று தோற்பது, ஏங்குவது, பழைய அளவு போதாமல் போவது எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றைக் கேட்பது ஆலோசகரின் வேலை. ஆசிரியர் கேட்க வேண்டாம்.

ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தனியிடத்தில், மாணவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், கண்டதை மட்டும் சொல்வது. “மூன்று வாரமாக முதல் பாடவேளையில் தூங்கிவிடுகிறாய், பயிற்சிக்கும் வருவதில்லை. என்னப்பா நடக்கிறது?” என்று கேட்டால் பதில் வரலாம். “கஞ்சா அடிக்கிறாயா?” என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். முதல் முறை மறுப்பது இயல்பு. வாதாடாமல் விட்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி பேச வேண்டும்.

தெரிந்த பிறகு நடக்கும் தவறு தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தானது. அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்தச் செய்கிறார்கள். தினமும் மதுவோ தூக்க மாத்திரையோ எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; மதுவில் அது பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், கடுமையான குழப்ப நிலை இரண்டாம் நாளுக்குப் பிறகு. ஓபியம் வகையில் சில வாரம் விலகியிருந்தவரின் உடல் தாங்குதிறனை இழந்திருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, மூச்சு இடைவெளி விட்டு வந்தால் ‘தூங்கித் தெளியட்டும்’ என்று விடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை மூச்சைக் கவனிக்க வேண்டும்.

எனவே தாங்கள் கீழ்க்காணும் ஆணைகளைப் பிறப்பிக்குமாறு வேண்டுகிறோம்.

1. வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், விடுதிக் காப்பாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அரை நாள் பயிற்சி. அதில் பாதி நேரமாவது பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்ப்பதாக இருக்க வேண்டும். மேடைச் சொற்பொழிவு போதாது.

2. தேதி, கண்டது, எத்தனை முறை என்ற மூன்று பத்திகள் மட்டும் கொண்ட ஒருபக்கப் பதிவுத்தாள். ஊகத்துக்கு அதில் இடமில்லை. அது பள்ளி ஆலோசகரிடம் மட்டுமே இருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழோடு தொடர்பு கூடாது.

3. பரிந்துரைத்த 7 நாளுக்குள் சிகிச்சைப் பிரிவில் சந்திப்பு கிடைக்க, சுகாதாரத் துறையோடு எழுத்துபூர்வ ஏற்பாடு.

4. தானாக வந்து சொல்லும் மாணவரையோ, ஆசிரியர் அனுப்பிவைக்கும் மாணவரையோ பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்ற தெளிவான சுற்றறிக்கை. நான்கில் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். நீக்கப்படுவோம் என்ற பயம் இருக்கும்வரை மாணவர் மறைப்பார், ஆசிரியரும் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார்.

அச்சமூட்டும் கூட்டங்களையும், மீண்டவர்களை மேடையேற்றி அனுபவம் சொல்லவைக்கும் நிகழ்ச்சிகளையும் மட்டும் நம்பியிருப்பதைக் கைவிடவும் வேண்டுகிறோம். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகளே இவற்றைப் பலன் தராத முறைகளோடு சேர்த்துள்ளன.

பயிற்சிக்கான பாடத்திட்ட வரைவையும் பதிவுத்தாள் மாதிரியையும் இத்துடன் இணைத்துள்ளோம். முதல் சுற்றுப் பயிற்சியை ஊதியமின்றி நடத்தித்தர ஆயத்தமாக உள்ளோம். தேதியைத் தெரிவித்தால் பயிற்சியாளர் பட்டியலை அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: பாடத்திட்ட வரைவு, பதிவுத்தாள் மாதிரி